ஒரே ஹப்: விண்டோஸில் மூன்று திரை, மேக்புக்கில் இரட்டைப் படம். ஏன்?

கேள்வி இதுதான். ஒரு யூஎஸ்பி-சி ஹப், அதில் இரண்டு எச்டிஎம்ஐ போர்ட், இரண்டிலும் 24 அங்குல மானிட்டர். வீட்டிலுள்ள விண்டோஸ் லேப்டாப்பில் செருகினால் லேப்டாப் திரையும் சேர்த்து மூன்றும் தனித்தனியாக வேலை செய்கின்றன. அலுவலகத்தில் கொடுத்த மேக்புக் ஏர் எம்1-இல் அதே ஹப்பைச் செருகினால் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம் வருகிறது. ஹப் பழுதா, கேபிள் பழுதா, வேறு ஹப் வாங்க வேண்டுமா?

எதுவும் பழுதில்லை. இதே வகையில் வேறு ஹப் வாங்கினாலும் இதேதான் நடக்கும். காரணம் இரண்டு, இரண்டும் மேக்புக் பக்கம் இருப்பவை.

முதல் காரணம் எம்எஸ்டி. யூஎஸ்பி-சி போர்ட்டிலிருந்து வெளியே வருவது ஒரே ஒரு டிஸ்ப்ளேபோர்ட் (மானிட்டருக்குப் படம் அனுப்பும் முறை) இணைப்பு. அதற்குள் இரண்டு மூன்று திரைகளுக்கான படத்தைச் சேர்த்து அனுப்பி, ஹப்புக்குள் பிரித்துக்கொள்ளும் முறைக்குத்தான் எம்எஸ்டி என்று பெயர். டிஸ்ப்ளேபோர்ட் 1.2-இல் வந்த வசதி இது. விண்டோஸும் லினக்ஸும் இதைப் பயன்படுத்துகின்றன, மேக்ஓஎஸ் தனித்தனித் திரைகளுக்கு இதைப் பயன்படுத்துவதில்லை. இது வன்பொருள் குறை அல்ல. பழைய இன்டெல் மேக்புக்கில் பூட் கேம்ப் என்ற ஆப்பிளின் வசதி வழியாக விண்டோஸ் போட்டால் அதே ஹப்பில் இரண்டு திரையும் தனித்தனியாக வந்துவிடும். திரும்ப மேக்ஓஎஸ்ஸுக்குப் போனால் மறுபடி இரட்டைப் படம்தான்.

இரண்டாவது காரணம் எம்1 சிப். அது இயக்கும் வெளித்திரை ஒன்றே ஒன்று. சாதாரண எம்2-வும் அப்படியே. எம்3 ஏரில் மூடியை மூடி வைத்தால் இரண்டு வெளித்திரை கிடைக்கும். 14 அங்குல சாதாரண எம்3 மேக்புக் புரோவுக்கு அதே வசதி மேக்ஓஎஸ் 14.6-இல் வந்தது. எம்4 ஏரில்தான் மூடியைத் திறந்து வைத்தபடியே இரண்டு. எம்1 புரோ, எம்2 புரோ என்றால் இரண்டு, எம்1 மேக்ஸ் என்றால் நான்கு. ஆக, எம்1 ஏருக்கு விலையுயர்ந்த தண்டர்போல்ட் டாக் (யூஎஸ்பி-சி வடிவிலேயே வரும் வேகமான இணைப்பில் ஓடும் பெரிய ஹப்) வாங்கினாலும் ஒரு மானிட்டர்தான் தனியாக வரும். டாக் பெட்டியில் 'இரண்டு 4கே' என்று அச்சடித்திருப்பார்கள். பொய்யில்லை, டாக்கால் முடியும். லேப்டாப்பால் முடியாது.

பலரும் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான். எத்தனை போர்ட் இருக்கிறது என்று எண்ணுகிறார்கள், எண்ண வேண்டியது அதையல்ல. மூன்று விஷயங்களை இந்த வரிசையில் பாருங்கள்: கிராஃபிக்ஸ் சிப் ஒரே நேரத்தில் எத்தனை திரையை இயக்கும், அதில் எது எந்தப் போர்ட் வழியாக வெளியே வருகிறது, அந்தப் போர்ட்டின் கொள்ளளவு என்ன. மூன்றும் தெரிந்த பிறகுதான் ஹப், டாக், கேபிள் எல்லாம்.

சிப்பின் கணக்கு

இன்டெல் செயலிக்குள்ளேயே இருக்கும் உள்ளமை கிராஃபிக்ஸ் 3ஆம் தலைமுறையிலிருந்து மூன்று திரைகளை இயக்கும். இந்த மூன்றில் லேப்டாப்பின் சொந்தத் திரையும் சேர்த்தி. அதாவது 8ஆம் தலைமுறை ஐ5 ஒன்றில் சொந்தத் திரையை அணைக்காமல் வைத்திருந்தால் வெளியே இரண்டுதான். 11ஆம் தலைமுறை கோர் ஐ வரிசை முதல் கணக்கு நான்காயிற்று, வெளியே மூன்று. அண்மைக் கால ஏஎம்டி ரைசன் லேப்டாப்புகள் பெரும்பாலானவற்றிலும் நான்கு. உங்கள் செயலியின் சரியான எண்ணை இன்டெல் அல்லது ஏஎம்டி தளத்தில் தேடினால், எத்தனை திரைகளை ஆதரிக்கும் என்று ஒரு வரியிலேயே போட்டிருப்பார்கள்.

இந்த எல்லையைத் தொட்டுவிட்டால் விண்டோஸ் தெளிவாகச் சொல்லாது. மானிட்டர் பெயர் செட்டிங்ஸில் தெரியும். 'நீட்டிக்கவும்' என்று கொடுத்தால் அமைப்பைச் சேமிக்க முடியவில்லை என்று ஒரு செய்தி வரும், அல்லது ஒன்று எரியும்போது இன்னொன்று அணையும். சோதிப்பது எளிது: விண்டோஸ் விசையோடு P அழுத்தி, லேப்டாப் திரையை அணைத்து வெளித்திரை மட்டும் என்று வையுங்கள். எரியாத மானிட்டர் இப்போது எரிந்தால் கேபிளில் குற்றமில்லை, சிப்பின் எண்ணிக்கைதான் தீர்ந்துபோயிருக்கிறது.

கேமிங் லேப்டாப் தனி ரகம். அதில் இரண்டு கிராஃபிக்ஸ் சிப் இருக்கும். பல மாடல்களில் எச்டிஎம்ஐ நேராக என்விடியா சிப்பிலும், யூஎஸ்பி-சி உள்ளமை கிராஃபிக்ஸிலும் இணைந்திருக்கும். சிலவற்றில் இரண்டும் என்விடியாவுக்கே போகும். வேறு சிலவற்றில் யூஎஸ்பி-சியில் படமே வராது, தரவு மட்டும்தான். என்விடியா கண்ட்ரோல் பேனலில் பிஸ்எக்ஸ் (PhysX) அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் எந்தத் திரை எந்தச் சிப்பில் தொங்குகிறது என்று படமாகவே காட்டும். விண்டோஸின் 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' பக்கத்திலும் ஒவ்வொரு மானிட்டருக்குக் கீழே சிப்பின் பெயர் இருக்கும். இரண்டு சிப்பிலும் பிரித்து மாட்டினால் திரைகளின் எண்ணிக்கை கூடும். ஆனால் என்விடியா பக்கம் ஒரு மானிட்டர் மாட்டியிருக்கும்வரை அந்தச் சிப் தூங்கவே தூங்காது. லேப்டாப் சூடாகும், சார்ஜரை எடுத்தால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். கேம் ஆடுவதில்லை, எக்செலும் பிரவுசரும்தான் வேலை என்றால் உள்ளமை கிராஃபிக்ஸுக்குப் போகும் போர்ட்டில் மாட்டுவதே நல்லது.

யூஎஸ்பி-சி என்பது வெறும் வடிவம்

அந்த ஓட்டையின் வடிவத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லிவிட முடியாது. ஒரே தோற்றத்தில் நான்கு விதம் உண்டு: தரவு மட்டும் போவது, தரவும் சார்ஜும் போவது, இவற்றோடு படமும் போவது, தண்டர்போல்ட் அல்லது யூஎஸ்பி4. போர்ட்டின் பக்கத்தில் 'D' எழுத்துக்குள் 'P' போன்ற குறி இருந்தால் படம் வரும். மின்னல் குறி இருந்தால் தண்டர்போல்ட். குறியே இல்லாமல் படம் வரும் லேப்டாப்புகளும் இருப்பதால் மாடல் எண்ணை வைத்து உற்பத்தியாளரின் விவரப் பட்டியலைப் பார்ப்பதுதான் உறுதி. அதில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்ற சொற்களைத் தேடுங்கள். ஹப்பைச் செருகியதும் டிஸ்ப்ளே இணைப்பு குறைவாக இருக்கலாம் என்று விண்டோஸ் ஓர் அறிவிப்பு காட்டினால், பெரும்பாலும் அந்தப் போர்ட்டிலோ நடுவிலுள்ள கேபிளிலோ படம் போக வழியில்லை என்று பொருள்.

தண்டர்போல்ட் 3 ஒரே கேபிளில் இரண்டு டிஸ்ப்ளேபோர்ட் ஓட்டங்களைச் சுமக்கக்கூடியது. ஆனால் லேப்டாப் தயாரிப்பாளர் இரண்டையும் இணைத்தே ஆக வேண்டும் என்று அப்போது விதி இல்லை, ஒரு 4கே போதும். தண்டர்போல்ட் 4-இல்தான் இரண்டு 4கே திரைகளை இயக்கியே ஆக வேண்டும் என்று வைத்தார்கள். எம்எஸ்டி இல்லாத மேக்கில் ஒரே கேபிளில் இரண்டு திரை வேண்டுமென்றால் அதனால்தான் தண்டர்போல்ட் டாக் கட்டாயமாகிறது, எம்1 புரோ போல இரண்டை இயக்கும் சிப் இருந்தால். சாதாரண யூஎஸ்பி-சி ஹப் அங்கே எந்த விலையில் வாங்கினாலும் இரட்டைப் படம்தான். டாக் வாங்க மனமில்லையா, இரண்டு தனி போர்ட்டில் இரண்டு தனி கேபிள் மாட்டிவிடலாம். அசிங்கமாக இருக்கும், ஆனால் சிக்கலே வராது.

கொள்ளளவு: 4கே ஏன் 30 ஹெர்ட்ஸில் நிற்கிறது

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஹப் பற்றிய புகார்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

சாதாரண 8 பிட் நிறத்தில் 60 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 60 முறை படம் புதுப்பிப்பது) ஒரு 1920×1080 திரை நொடிக்குச் சுமார் 3.3 ஜிகாபிட் கேட்கும். 2560×1440 என்றால் சுமார் 5.8. 4கே (3840×2160) என்றால் சுமார் 12.8.

யூஎஸ்பி-சி கேபிளில் வேகமான தடங்கள் நான்கு. நான்கையும் படத்துக்கே கொடுத்தால் ஹப்பிலுள்ள யூஎஸ்பி போர்ட்டுகள் பழைய 2.0 வேகத்துக்கு இறங்கிவிடும். அதனால் பெரும்பாலான ஹப்புகள் இரண்டு தடத்தைப் படத்துக்கும் இரண்டை யூஎஸ்பிக்கும் ஒதுக்குகின்றன. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் நான்கு தடத்துக்கு 17.28 ஜிகாபிட், இரண்டு தடத்துக்கு 8.64. டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வேகத்தில் அதுவே 25.92, 12.96.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 8ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 மட்டும் தருவது. இரண்டு தட ஹப்பில் கிடைப்பது 8.64. இரண்டு 1080 திரைக்கு 6.6 போதும், இடம் மிச்சமிருக்கிறது. இரண்டு 1440 திரைக்கு 11.6 வேண்டும், நுழையாது. ஒரு 4கே-க்கு 12.8 வேண்டும், அதுவும் நுழையாது. அதனால்தான் ஹப் 30 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது, சுட்டி இழுவையாக நகர்கிறது. 11ஆம் தலைமுறை லேப்டாப்பில் அதே இரண்டு தடத்தில் 12.96 கிடைக்கும். ஒரு 4கே 60 மயிரிழையில் நுழைந்துவிடும், ஹப்பும் 1.4 வேகத்தில் பேசினால். பழைய ஹப்பைப் புதிய லேப்டாப்பில் மாட்டினால் பழைய வேகம்தான்.

இரண்டு 4கே திரை 60 ஹெர்ட்ஸில் வேண்டும் என்பவர்கள் சாதாரண ஹப் பக்கம் போகவே வேண்டாம். தண்டர்போல்ட் டாக், அல்லது எச்டிஎம்ஐயில் ஒன்று யூஎஸ்பி-சியில் ஒன்று. இதில் எச்டிஎம்ஐயின் பதிப்பையும் கவனிக்க வேண்டும். 1.4 என்றால் 4கே 30 ஹெர்ட்ஸோடு சரி, 2.0 இருந்தால்தான் 60. நடுத்தர விலை லேப்டாப்புகளில் 1.4 போட்டு, விவரப் பட்டியலில் வெறும் 'எச்டிஎம்ஐ' என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை.

இரண்டு 24 அங்குல 1080 மானிட்டர் வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. எச்டிஎம்ஐயில் ஒன்று, யூஎஸ்பி-சியிலிருந்து எச்டிஎம்ஐ அடாப்டரில் ஒன்று. டாக்குக்குச் செலவழிக்க வேண்டிய அவசியம் சார்ஜரையும் ஒரே கேபிளில் சேர்க்க விரும்பினால் மட்டும்தான்.

கேபிள், அடாப்டர்

எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் வாங்காதீர்கள். ஒரே படத்தை இரண்டு டிவிக்கு அனுப்பும் கடைச் சாமான் அது. எந்த லேப்டாப்பில் மாட்டினாலும் இரட்டைப் படம் மட்டும்தான் தரும்.

மாற்றுக் கேபிள்களுக்குத் திசை உண்டு. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ என்று விற்கும் கேபிளில் டிஸ்ப்ளேபோர்ட் முனை லேப்டாப்பில்தான் இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் படம் வராது. லேப்டாப்பின் எச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் உள்ளே சிப் வைத்த ஆக்டிவ் அடாப்டர் வேண்டும். அதற்கு மின்சாரம் தர ஒரு யூஎஸ்பி வாலும் தொங்கும். அதைத் தேடி வாங்குவதைவிட மானிட்டரின் பின்னால் இன்னொரு எச்டிஎம்ஐ இருக்கிறதா என்று பார்ப்பது மலிவு.

போனோடு வந்த யூஎஸ்பி-சி கேபிள் பெரும்பாலும் சார்ஜும் யூஎஸ்பி 2.0-வும் மட்டும். அதை மானிட்டருக்குப் போட்டால் லேப்டாப் சார்ஜ் ஆகும், படம் வராது. இதைப் பார்த்து மானிட்டரையே கடைக்குத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. மானிட்டரோடு பெட்டியில் வரும் கேபிளை முதலில் பயன்படுத்துங்கள். தண்டர்போல்ட் 3-இல் முழு 40 ஜிகாபிட் வேகம் வேண்டுமானால் சாதாரணக் கேபிளுக்கு முக்கால் மீட்டர் அளவுதான் நீளம், அதற்கு மேல் ஆக்டிவ் கேபிள் தேவை. மேசைக்குக் கீழே ஒளித்து ஓட்டத் திட்டமிடும்போது இது நினைவில் இருக்கட்டும்.

மலிவான டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்களில் இன்னொரு வினோதம் உண்டு. 20ஆம் ஊசியை இரு முனைக்கும் இணைத்திருப்பார்கள், இணைக்கவே கூடாது. மானிட்டரின் மின்சாரம் கணினிக்குள் ஏறி, அணைத்த பிறகும் ஏதாவது விளக்கு எரியும் அல்லது கணினி தொடங்க மறுக்கும். மானிட்டர் மாட்டியிருக்கும்போது மட்டும் இப்படி நடந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள்.

ஹப் வழியாகச் சார்ஜ் செய்பவர்கள் வாட் கணக்கைப் பார்க்க வேண்டும். ஹப் தன் செலவுக்குச் சுமார் 10 முதல் 15 வாட் எடுத்துக்கொள்ளும். 65 வாட் சார்ஜரை ஹப்பில் செருகினால் லேப்டாப்புக்கு 50 வாட் அளவு போகும். சிறிய லேப்டாப்புக்குப் போதும், பெரிய வேலை ஓடும்போது பெரிய லேப்டாப் பேட்டரியைத் தின்னத் தொடங்கும். சார்ஜரே இல்லாமல் ஹப்பில் இரண்டு மானிட்டரும் ஒரு வன்தட்டும் மாட்டினால் திரை விட்டுவிட்டு அணைந்து எரியும். அதற்குத் தீர்வு ஹப்புக்கு மின்சாரம், டிரைவரை மீண்டும் மீண்டும் நிறுவுவதில் பயனில்லை.

சில மானிட்டர்களில் டிஸ்ப்ளேபோர்ட் வெளியீடும் இருக்கும். லேப்டாப்பிலிருந்து முதல் மானிட்டர், அதிலிருந்து இரண்டாவது என்று கோர்க்கலாம். இதுவும் எம்எஸ்டிதான், அதனால் மேக்கில் பலிக்காது. விண்டோஸில் முதல் மானிட்டரின் மெனுவில் எம்எஸ்டியை இயக்க வேண்டும், கடைசி மானிட்டரில் அணைத்தே வைக்க வேண்டும்.

எம்1 ஏருக்கு என்ன வழி

ஒரு மானிட்டரை நேராக யூஎஸ்பி-சியில் கொடுங்கள். இரண்டாவதற்கு டிஸ்ப்ளேலிங்க் அடாப்டர் வேண்டும். இது வேறு நுட்பம். திரையில் வரவேண்டிய படத்தை மென்பொருள் சுருக்கி சாதாரண யூஎஸ்பி தரவாக அனுப்பும், அடாப்டருக்குள் இருக்கும் சிப் அதை விரித்து மானிட்டருக்குக் கொடுக்கும். கிராஃபிக்ஸ் சிப்பின் திரைக் கணக்கில் இது சேராது. படம் வராத யூஎஸ்பி-சி, பழைய யூஎஸ்பி-ஏ 3.0 எதிலும் ஓடும் என்பதால் 'இரண்டு யூஎஸ்பி-ஏ, ஒரு எச்டிஎம்ஐ' மட்டுமே உள்ள விண்டோஸ் லேப்டாப்புக்கும் இதுவே வழி. வாங்கும்போது பெட்டியில் டிஸ்ப்ளேலிங்க் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். டிஎல்-6950 சிப் உள்ளவை இரண்டு 4கே திரையை 60 ஹெர்ட்ஸில் தரும். 1080 திரைக்கு அதைவிடக் கீழான சிப்பே போதும்.

மேக்கில் டிஸ்ப்ளேலிங்க் மேனேஜரை நிறுவி, சிஸ்டம் செட்டிங்ஸில் திரைப் பதிவு அனுமதி கொடுக்க வேண்டும். அனுமதி கேட்பதைப் பார்த்துப் பயந்து மறுத்தால் மானிட்டர் இருட்டாகவே இருக்கும். அலுவலக மேக் என்றால் அந்த அனுமதியை ஐடி பிரிவு பூட்டி வைத்திருக்கலாம், வாங்கும் முன் கேட்டுவிடுங்கள். குறைகளும் உண்டு: படத்தைச் சுருக்கும் வேலை செயலிமேல் விழுகிறது, வேகமான கேமுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் ஒத்துவராது, பதிப்புரிமைப் பூட்டுள்ள ஸ்ட்ரீமிங் படங்கள் கருப்பாகத் தெரியலாம். மேக்ஓஎஸ் பெரிய பதிப்பு மாறும்போது டிரைவரையும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். கோடிங், ஆவணம், மின்னஞ்சல், வீடியோ அழைப்பு எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போதும். அசைவு அதிகமுள்ள வேலையை நேராக மாட்டிய திரையிலும், நிலையாக நிற்கும் சாளரங்களை டிஸ்ப்ளேலிங்க் திரையிலும் வைத்துக்கொண்டால் வித்தியாசமே தெரியாது.

மாட்டிய பிறகு

விண்டோஸில் டிஸ்ப்ளே பக்கத்தைத் திறந்து, 'ஐடென்டிஃபை' அழுத்தி, மேசைமேல் மானிட்டர்கள் நிற்கும் வரிசையிலேயே பெட்டிகளை இழுத்து வையுங்கள். மேல் விளிம்பையும் ஒட்ட வைத்தால்தான் சுட்டி தடுக்காமல் போகும். பிறகு ஒவ்வொரு திரைக்கும் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் ஹெர்ட்ஸைப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-இல் கிடப்பது சகஜம், அதைக் கையால்தான் ஏற்ற வேண்டும். லேப்டாப் திரை 150 சதவீதத்திலும் வெளித்திரை 100-இலும் இருந்தால் பழைய மென்பொருள் சில வெளித்திரையில் மங்கலாகத் தெரியும். அந்த மென்பொருளை மூடி, அந்தத் திரையிலேயே திறந்தால் பெரும்பாலும் சரியாகும்.

எச்டிஎம்ஐயில் மாட்டிய மானிட்டரில் கருப்பு சாம்பலாகவும் நிறம் வெளிறியும் தெரிந்தால் லேப்டாப் அதை டிவி என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. கிராஃபிக்ஸ் கண்ட்ரோல் பேனலில் நிற வீச்சை 'லிமிடெட்' என்பதிலிருந்து 'ஃபுல்' ஆக்குங்கள். எழுத்தின் ஓரத்தில் நிறம் கசிந்தால் வெளியீட்டு வடிவத்தை ஆர்ஜிபி என்று மாற்றுங்கள்.

தூக்கத்திலிருந்து எழுந்ததும் ஒரு திரை மட்டும் வராவிட்டால் கண்ட்ரோல், விண்டோஸ், ஷிஃப்ட் மூன்றோடும் B அழுத்துங்கள், கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுதொடக்கம் ஆகும். அதிலும் வராவிட்டால் டாக்கின் மின்கம்பியை அரை நிமிடம் கழற்றி மாட்டுங்கள். இது தினமும் நடந்தால் டாக்கின் ஃபர்ம்வேரை (அதற்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பிக்க வேண்டும். பெரும்பாலானோர் அப்படி ஒன்று இருப்பதையே கவனிப்பதில்லை. காணாமல்போன சாளரத்தை விண்டோஸ், ஷிஃப்ட் விசைகளோடு அம்புக்குறி அழுத்தி அடுத்த திரைக்கு இழுத்துவிடலாம்.

லேப்டாப் மூடியை மூடி வைத்து வேலை செய்ய, விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் மூடியை மூடும்போது 'எதுவும் செய்யாதே' என்று வைக்க வேண்டும். மேக்கில் சார்ஜரும் வெளி விசைப்பலகையும் சுட்டியும் இணைந்திருந்தால் மூடி வைத்தாலும் ஓடும். விசைப்பலகை வழியாகக் காற்றை இழுக்கும் கேமிங் லேப்டாப்பை மட்டும் மூடி வைத்து ஓட்டாதீர்கள்.

புதிதாக வாங்கிய ஹப்பையோ டாக்கையோ திருப்பிக் கொடுக்கும் நாட்கள் முடிவதற்குள் ஒருமுறை முழுச் சுமையில் பாருங்கள்: எல்லா மானிட்டரும் முழுத் தெளிவில், சார்ஜர் ஹப் வழியாக, ஒரு பெரிய கோப்பு வெளித்தட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, ஒரு மணி நேரம். பிறகு தூங்க வைத்து எழுப்புங்கள். திரை மினுங்கினாலோ ஹெர்ட்ஸ் இறங்கினாலோ அன்றே திருப்பிவிடுங்கள்.